அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்குத் துணை நிற்பது எப்படி

அடக்கம் முடிந்து வீடு திரும்பிய அன்றே பிள்ளைகள் கூடிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். “இனி அம்மாவை என்ன பண்றது? யார் வீட்டுல வச்சுக்கிறது?” சிங்கப்பூரில் எங்கள் சபையில் துக்க வீடுகளுக்குப் போய் ஜெபித்து, ஆக வேண்டிய காரியங்களுக்கு உதவும் குழுவில் நானும் இருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. அம்மா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். எல்லா முடிவையும் நாமே இரவோடு இரவாக எடுத்துவிட்டால் அவருக்குப் பாரம் குறையுமே என்று நினைக்கிறார்கள்.

நான் சொல்வது இதற்கு நேர்மாறானது. கணவரை இழந்த அம்மாவின் கையிலிருந்து வீட்டுச் சாவியையும் வங்கி அட்டையையும் முடிவெடுக்கும் உரிமையையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். செய்ய வேண்டியதை அவரே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். அதை எப்படிச் செய்வது என்று எங்கள் வீட்டிலும் மற்ற வீடுகளிலும் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

எங்கள் அப்பா 2022 ஆகஸ்டில் மாரடைப்பில் இறந்தார். வயது 62. பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். அம்மாவுக்கு அப்போது 58. கல்யாணமாகி 1986-இல் தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து வந்தவர். ஈசூனில் எங்கள் நாலறை வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். அதிகம் பேசமாட்டார். சபையில் சாட்சி சொல்ல அழைத்தால் ஒரு வசனத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இப்படிப்பட்ட அம்மாக்களைத்தான் “பாவம், ஒண்ணும் தெரியாது” என்று சுற்றியிருப்பவர்கள் ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள்.

முதல் இரண்டு நாள்: கேட்டுச் செய்யுங்கள்

29 மே 2022 முதல் இங்கே காகிதத்தில் இறப்புச் சான்றிதழ் தருவதில்லை. மருத்துவர் இணையத்தில் உறுதிசெய்தவுடனே இறப்பு தானாகப் பதிவாகிவிடும். ‘மை லெகசி’ இணையத்தளத்திலிருந்து சான்றிதழை 30 நாளுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். துக்கத்தில் இந்தக் கெடுவை மறந்துவிடுபவர்கள் உண்டு. ஆகவே அன்றே செய்துவிடுங்கள். அரசாங்க அமைப்புகளுக்குத் தகவல் தானாகப் போகும். வங்கி, காப்புறுதி நிறுவனம், தொலைபேசி நிறுவனம் ஆகியவற்றுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சில பிரதிகள் அச்சிட்டு, முதல் பிரதியை அம்மாவிடம் கொடுங்கள். பார்த்தால் அழுவாரே என்று ஒளித்துவைக்க வேண்டாம்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியை வைக்க நகர மன்ற அனுமதி வேண்டும். அதை இறுதிச்சடங்கு நிறுவனத்தாரே பெரும்பாலும் வாங்கித் தருவார்கள். நாற்காலி, மேசை, மின்விசிறி எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவற்றுக்கெல்லாம் அம்மாவைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. ஆனால் எந்தச் சட்டை, எந்தப் படம், எந்தப் பாட்டு, யார் ஜெபிப்பது என்பதையெல்லாம் அவரிடம் கேட்டே செய்யுங்கள். இறுதிச்சடங்குக் கடைக்காரர் கறுப்புக் கோட்டும் டையும் கொண்டுவந்தபோது அம்மா, “டை வேண்டாம். அவருக்கு மூச்சு முட்டும்” என்றார். திருவிருந்து ஞாயிறுகளில் அப்பா போடும் வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துக் கொடுத்தார். அந்த நேரத்திலும் இஸ்திரிப்பெட்டியை யாரும் அவர் கையிலிருந்து வாங்கவில்லை. அதற்காக என் அத்தைக்கு நான் நன்றியுள்ளவள். “விடுங்க, அவ செய்யட்டும்” என்று சொல்லி எல்லாரையும் நகர்த்தியவர் அவர்தான்.

அடக்கமா தகனமா என்ற பேச்சு இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் எப்போதும் எழும். ஊரில் ஆலயத்துக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் தாத்தா, பாட்டி, கொள்ளுத்தாத்தா எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். சிங்கப்பூரில் இன்று புதிதாக அடக்கம் செய்யக்கூடிய ஒரே இடம் சுவா சூ காங் இடுகாடு. அங்கேயும் 1998-இல் வந்த விதிப்படி 15 ஆண்டுதான். பிறகு தோண்டியெடுத்து, கிறிஸ்தவர்களின் எலும்புகளைத் தகனம் செய்து, சாம்பலை மாடத்தில் வைப்பார்கள். பிடாடாரி இடுகாட்டில் அடக்கமான பழைய தலைமுறையின் கல்லறைகளே 2000-களில் எடுக்கப்பட்டு, இப்போது அந்த நிலத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் நிற்கின்றன.

இதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இப்போதே சொல்லாமல் விட்டு, பல ஆண்டு கழித்துக் கடிதம் வந்து தெரிந்துகொள்வது பெரிய கொடுமை. எங்கள் வீட்டில் சித்தப்பா மண்டாய் தகனச்சாலை என்றார். மாமா மண்தான் என்றார். குரல் உயர ஆரம்பித்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “பதினஞ்சு வருஷம் கழிச்சு எடுக்கும்போது குடும்பத்துல ஆள் நிக்கலாமா?” நிற்கலாம் என்றார் அவர். “அப்ப மண்ணுலயே வைங்க. எனக்கு எழுபத்து மூணு ஆகும். கர்த்தர் வச்சிருந்தா நான் வந்து நிப்பேன்.” அதோடு பேச்சு முடிந்தது. உங்கள் அம்மா தகனம் என்று சொன்னால் அதிலும் குறையில்லை. மண்டாயில் ஆராதனை நடத்தித் தரும் போதகர்கள் இங்கே உண்டு. உயிர்த்தெழுதலின் நம்பிக்கை அதனால் குறைந்துபோவதில்லை. முடிவு அவருடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பூ, தாலி, கலர் சேலை

நாம் கிறிஸ்தவர்கள், அந்தச் சடங்கெல்லாம் நமக்கில்லை என்று எல்லாருமே சொல்வோம். ஆனால் பெட்டியை மூடும் நேரத்தில் யாராவது ஒரு பெரியம்மா காதோரம் வந்து, “தாலியைக் கழற்றி உள்ளே வைம்மா” என்பார். அடுத்த வாரம் இன்னொருவர், “இனி கலர் சேலை நல்லாயிருக்காது” என்பார். அடுத்த கல்யாணத்தில் அம்மாவைப் பின்வரிசைக்கு நகர்த்திவிடுவார்கள். யாரும் வெறுப்பில் செய்வதில்லை, பழக்கத்தில் செய்கிறார்கள். அது அம்மாவை எவ்வளவு காயப்படுத்துகிறது என்பது வீட்டில் இருக்கும் நமக்குத்தான் தெரியும்.

வேதத்தில் விதவைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது அங்கே நின்று தேவனைப் புகழ்ந்து, எல்லாருக்கும் அவரைக் குறித்துப் பேசியவர் அன்னாள் என்ற முதிய விதவை. ரூத்தின் பிள்ளையை எடுத்து மடியில் வைத்து வளர்த்தவர் நகோமி. நல்ல காரியத்திலிருந்து அவர்களை யாரும் தள்ளிவைக்கவில்லை. அதை நம் உறவினர்களிடம் தயங்காமல் சொல்லலாம்.

அடக்க நாளுக்கு முந்திய இரவே அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்: தாலி என்ன செய்யலாம், நாளைக்கு என்ன சேலை? அவர் சொல்வதை மனத்தில் வைத்துக்கொண்டு, உறவில் மதிப்புள்ள ஒருவரை அவருக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அப்பாவின் அக்காவோ தங்கையோ நின்றால் இன்னும் நல்லது; கணவர் வீட்டுப் பெண் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அத்தை நின்றார். அம்மா தாலியோடுதான் இடுகாட்டுக்கு வந்தார், தாலியோடுதான் திரும்பினார். பல மாதம் கழித்து ஒருநாள் தானே கழற்றி, அப்பாவின் மோதிரம் இருந்த டப்பாவிலேயே வைத்தார். ஏன் அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

அப்பா இறந்தபோது அம்மாவின் மெஷினில் ஒரு கல்யாண ரவிக்கை பாதியில் இருந்தது. பக்கத்து புளோக்கிலுள்ள ஓர் இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கானது. அதை வேறு எங்காவது கொடுத்துவிடலாம் என்று சொந்தக்காரர் ஒருவர் மெதுவாகச் சொன்னார். அவர் எதை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பது எல்லாருக்கும் புரிந்தது. மணப்பெண்ணின் அம்மா துக்கம் விசாரிக்க வந்தார். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து, “அக்கா, நீங்க முடிச்சுக் குடுத்தாத்தான் என் பொண்ணு போடுவா. அவசரமில்லை” என்றார். அம்மா அந்த வாரமே முடித்துக் கொடுத்தார். கல்யாணத் தேதி நமக்காகக் காத்திருக்காது என்றார். கொக்கி வைக்கும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். உங்கள் அம்மாவின் கையில் ஒரு தொழிலோ கைவேலையோ இருந்தால், ஓய்வெடுங்கள் என்று சொல்லி அதை நிறுத்திவிடாதீர்கள்.

ஜெபிக்கப் போகிறவர்களுக்கு

துக்க வீட்டில் ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். அம்மாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்று, ஒரு சங்கீதம், ஒரு ஜெபம். அரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். பிரசங்கம் வேண்டாம். “கர்த்தருக்குச் சித்தம், அழக்கூடாது” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அந்தக் கல்லறைக்குப் போகும்முன் கண்ணீர் விட்டார். அவர் அழுத இடத்தில் நம் அம்மா அழலாம்.

அம்மாவின் விசுவாசத்தை அளந்து பார்க்கவும் வேண்டாம். எங்கள் அம்மா அதிகாலையில் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து வேதத்தை வரிசையாக வாசிப்பவர், நாளுக்கு ஓர் அதிகாரம். அப்பா இறந்த வாரம் அவர் முதலாம் நாளாகமத்தின் தொடக்கத்தில் இருந்தார். அங்கே வெறும் பெயர்ப்பட்டியல்தான், அவன் இவனைப் பெற்றான், இவன் அவனைப் பெற்றான் என்று. அடக்கத்துக்கு மறுநாளும் அதையே வாசித்துக்கொண்டிருந்தார். “சங்கீதம் வாசிக்கலாமேம்மா, ஆறுதலா இருக்கும்” என்றேன். “இன்னைக்கு வந்தது இதுதான் மக்கா. இதுவும் அவர் வார்த்தைதானே” என்றார். இதற்குமேல் ஒரு பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

அதே அம்மா ஞாயிறு ஆராதனையில் சில மாதம் பாடவில்லை. பாமாலையைச் சரியான பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார், உதடு அசையாது. விசுவாசத்தில் தளர்ந்துவிட்டாரோ என்று ஒருவர் என்னிடம் விசாரித்தார். தளர்ந்தவர் ஈசூனிலிருந்து பஸ் ஏறி ஒரு ஞாயிறு விடாமல் ஆராதனைக்கு வருவாரா? பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இன்னொன்று, சின்னதுதான், ஆனால் அவசியம்: ஆலயத்தில் அப்பா வழக்கமாக உட்காரும் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். தெரியாத ஒருவர் வந்து “இங்கே ஆள் உண்டா?” என்று அம்மாவிடம் கேட்கும் நிலை வரக் கூடாது.

சபைத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், அன்றாட விசாரணையில் கிரேக்கரான விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் அதற்குப் பொறுமை வேண்டும் என்று போதிக்கவில்லை. ஏழு பேரைப் பெயர் சொல்லி நியமித்தார்கள். நாமும் “ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம்” என்பதோடு நிறுத்தாமல் பெயர் எழுதுவோம்: உபவாச ஜெபத்துக்கு அம்மாவைக் காரில் அழைத்துவர யார், வாரத்தில் ஒருநாள் போன் பண்ண யார், மருத்துவமனைக்குத் துணை போக யார்? இந்தப் பட்டியலை மூன்றாம் மாதத்திலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் சாப்பாடு குவிந்து குளிர்சாதனப் பெட்டியில் இடம் இருக்காது. அதற்குப் பிறகுதான் வீடு காலியாகிறது.

காகிதங்கள்

இங்கேதான் பிள்ளைகள் அம்மாவை முழுதாக ஒதுக்கிவிடுகிறோம். “நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கம்மா” என்கிறோம். எங்கே எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாத ஒருவர் பிறகு வாழ்நாள் முழுக்க நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஒரு கோப்பு வாங்குங்கள். அது அம்மாவின் அலமாரியில் இருக்கட்டும். அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலி அம்மாவின் போனில், அம்மாவின் விரலால் திறக்கட்டும். எத்தனை முறை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தாலும் போனைப் பிடுங்கி நீங்களே தட்டாதீர்கள்.

முதலில் மத்திய சேம நிதி, அதாவது சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்த்த சேமிப்பு. அப்பா நியமனம் செய்திருந்தால், அந்தப் பணம் அவர் பெயர் எழுதியவர்களுக்கு நேராகப் போகும். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் மத்திய சேம நிதிப் பணத்தை அது கட்டுப்படுத்தாது. இதைத் தெரியாத குடும்பங்கள் நிறைய. கல்யாணத்துக்கு முன் செய்த நியமனமும் கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும். இளவயதில் தன் தாயார் பெயரை எழுதிவைத்த அப்பாக்கள், கல்யாணத்துக்குப் பிறகு புதிதாக எழுதினார்களா என்று பாருங்கள். நியமனம் இல்லையென்றால் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போய், உயில் இல்லாதவர்களுக்கான சட்டப்படி பிரிக்கப்படும்: மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி சமமாக. அதற்குக் கட்டணமும் பிடிப்பார்கள், நாளும் ஆகும். அந்தப் பாதியில் உங்கள் பங்கு உங்கள் கணக்கில் வந்து விழும்போது, அது யாருடைய உழைப்பு, யார் இப்போது அதில் சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகள் உட்கார்ந்து பேசுங்கள். நானும் தம்பியும் பேசினோம். அம்மா கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. அவர் கேட்கமாட்டார்.

அடுத்தது காப்புறுதி. மத்திய சேம நிதி உறுப்பினர்கள் பலருக்குக் குடும்பப் பாதுகாப்புக்கென்று டிபிஎஸ் என்னும் காப்புறுதி இருக்கும். 2021 ஏப்ரலிலிருந்து அதை கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம் நடத்துகிறது. நடப்பில் இருந்தால் 60 வயதுவரை 70,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதற்கு மேல் 65 வயதுவரை 55,000 வெள்ளி. பல வீடுகளில் இப்படி ஒன்று இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. மத்திய சேம நிதியிலிருந்து வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தால் எச்பிஎஸ் என்ற வீட்டுக் கடன் காப்புறுதி 65 வயதுவரை உண்டு. அப்பா எவ்வளவு பங்குக்குக் காப்புறுதி செய்திருந்தாரோ அந்த அளவுக்குப் பாக்கிக் கடனை அது அடைக்கும். எங்கள் கடன் முன்பே முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் சபையில் ஓர் அக்காவுக்கு இதனால் வீடு தப்பியது.

வீடு இருவர் பெயரிலும் கூட்டு உரிமையாக இருந்தால், இறந்தவர் பங்கு உயிரோடிருப்பவருக்குத் தானாக வந்துவிடும். இறப்பு அறிவிப்பைப் பதிவு செய்தால் போதும், உயில் இதை மாற்றாது. தனித்தனிப் பங்காக இருந்தால் அப்பாவின் பங்கு அவர் சொத்தோடு சேரும், அதற்கு நீதிமன்ற ஆணை தேவைப்படலாம். எந்த வகை என்பதை வீவக கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொத்தின் மொத்த மதிப்பு 50,000 வெள்ளிக்கு மேல் போகாத எளிய குடும்பங்கள், வழக்கறிஞர் செலவு இல்லாமல் பொது அறங்காவலரிடமே விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

வங்கி விஷயத்தில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். மின்கட்டணம், நகர மன்றக் கட்டணம், தொலைபேசிக் கட்டணம் எல்லாம் அப்பாவின் தனிக் கணக்கிலிருந்து கைரோ என்ற தானியங்கிக் கட்டண முறையில் போய்க்கொண்டிருக்கும். இறப்புத் தெரிந்ததும் வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிடும். உடனே வரிசையாகப் பாக்கி அறிவிப்புகள் அம்மாவின் தபால்பெட்டிக்கு வரும். சிவப்பு எழுத்தில் கடிதம் வந்தாலே பயந்துபோகும் தலைமுறை அது. அப்பாவின் கடைசி வங்கி அறிக்கையை எடுத்துவைத்து, எங்கெங்கே பணம் போகிறது என்று அம்மாவோடு கோடு போட்டு, ஒவ்வொன்றாக அம்மாவின் கணக்குக்கு மாற்றுங்கள். அப்பாவின் போன் எண்ணை எல்லாம் முடியும்வரை ரத்து செய்யாதீர்கள். ஒருமுறைக் கடவுச்சொற்கள் அதற்குத்தான் வரும்.

கைரோ படிவத்தை முதன்முதலில் தானே நிரப்பிய அன்று அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, “உங்கப்பா இவ்வளவையும் சொல்லாமலே செஞ்சிட்டிருந்திருக்காரு” என்றார். அவரை நன்றாகத் தெரிந்துகொள்ள அந்தக் காகிதங்களும் ஒரு வழியாக இருந்தன. இதற்காகவும்தான் சொல்கிறேன், அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

வீட்டை விற்காதீர்கள், நேரத்தைக் கவனியுங்கள்

முதல் ஆண்டில் வீட்டை விற்பது, அம்மாவை இடம் மாற்றுவது போன்ற பேச்சே வேண்டாம், உடல்நிலை கட்டாயப்படுத்தினால் தவிர. தம்பி பொங்கோலில் இருக்கிறான், பாசமாகத்தான் கூப்பிட்டான். “இந்த வீட்டுல எந்த ஸ்விட்ச் எங்கன்னு எனக்கு இருட்டுலயும் தெரியும்லே” என்றார் அம்மா. அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் பிள்ளைகளோடு வந்து தங்க ஆரம்பித்தான். அதுதான் சரியான பதில்.

அப்பா வேலை முடிந்து கதவைத் திறக்கும் நேரம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் அதுதான் மிகவும் கடினமான நேரம். அது எது என்று கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் அம்மாவுக்கு அது மாலை ஏழரை. எதிர்வீட்டு மலாய்ப் பெரியம்மாவும் (‘மக்சிக்’ என்று கூப்பிடுவோம்) கணவரை இழந்தவர். அவர் தன் தொழுகையை முடித்ததும் இருவரும் கீழே இறங்கி நடக்கிறார்கள். பாதி மலாய், பாதி கைஜாடை. நான் ஏற்பாடு செய்ததல்ல, அவர்தான் ஒருநாள் கதவைத் தட்டினார்.

சாப்பாட்டைக் கவனியுங்கள். ஒரு ஆளுக்குச் சமைக்க மனம் வராமல் பிஸ்கட்டும் கோப்பியுமாக நாளைக் கழித்துவிடுவார்கள். டப்பாவில் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, “அம்மா, நாளைக்கு மீன்குழம்பு வேணும், சாப்பிட வர்றேன்” என்று சொல்லுங்கள். அவர் சந்தைக்குப் போவார், சமைப்பார், உங்களோடு சாப்பிடுவார். தூக்கம் பல வாரம் கெட்டுப்போனால், எடை இறங்கினால், சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டால் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். “நானும் போயிட்டா நல்லாயிருக்கும்” என்று அடிக்கடி சொன்னால், அதை வெறும் புலம்பல் என்று தள்ளாதீர்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்-இன் 1767 என்ற எண்ணில் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும், தெரிந்தேதான் சொல்கிறேன்.

விசேஷ நாள்களும் வரும். கல்யாண நாளன்று அம்மா இன்னும் ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் இருவர் பெயரையும் எழுதித்தான் போடுகிறார். அறிவிப்பில் அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைத் தட்டிலிருந்து குடும்பத் தலைவர் எடுப்பது எங்கள் வழக்கம். அந்த ஆண்டு தட்டு தம்பியின் முன் வந்தபோது அவன் அதை அம்மா பக்கம் திருப்பினான். அம்மா எடுத்தது ஏசாயா 46:4. “நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்” என்ற வசனம். வாசித்துவிட்டு, “எனக்கு நரை வந்தது அவருக்கும் தெரிஞ்சிருக்கு” என்று சிரித்தார். அப்பா போனபிறகு அம்மா ஆலயத்தில் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் தட்டு மூத்த மகனிடம் போகும். அவனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அம்மாவின் காகிதங்கள்

ஓராண்டு ஆனதும் அம்மாவின் சொந்த ஏற்பாடுகளைப் பேசலாம். அவருடைய மத்திய சேம நிதி நியமனத்தில் இன்னும் அப்பாவின் பெயரே இருக்கும். புதிதாகச் செய்யச் சொல்லுங்கள், இணையத்திலேயே முடியும். லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி என்ற பத்திரத்தில், தனக்குச் சுயநினைவோ முடிவெடுக்கும் திறனோ இல்லாமல் போனால் யார் தனக்காக முடிவெடுப்பது என்பதைத் திறமிருக்கும்போதே அவர் எழுதிவைக்கலாம். யாரை நியமிப்பது என்பதில் நீங்கள் வாய் திறக்க வேண்டாம். எங்கள் அம்மா என்னையும் தம்பியையும் சேர்த்து எழுதினார், அத்தையை மாற்றாளாகப் போட்டார். அத்தையைப் போடுவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், அல்லது அம்மா எந்தச் சபையோடும் நெருக்கமில்லாமல் இருந்தால், தமிழில் ஆராதனை நடக்கும் இடங்கள் இங்கே உண்டு: ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை, டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கன் கிறைஸ்ட் சர்ச், கத்தோலிக்கர்களுக்கு 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயம். பணமுடை இருந்தால் வட்டாரத்துச் சமூக சேவை அலுவலகத்துக்கும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கும் போகலாம். கணவரை இழந்த பெண்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் விகேர் என்ற ஆதரவுக் குழுவும் சிங்கப்பூரில் இருக்கிறது. எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். முதல் அழைப்பை அவரே செய்யட்டும். ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்குமே என்று தயங்கினால், என்ன சொல்லப்போகிறார் என்பதை வீட்டில் ஒருமுறை உங்களிடம் சொல்லிப் பார்க்கட்டும், பிறகு ஸ்பீக்கரில் போட்டு நீங்கள் பக்கத்தில் இருங்கள்.